பென்சில்வேனியாவில் வீடு வாங்குகிறீர்களா? டவுன்ஷிப் அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள்

பென்சில்வேனியாவில் வீடு பார்க்கத் தொடங்கும் நம் குடும்பங்கள் முதலில் பள்ளியின் தரத்தைப் பார்க்கின்றன. அடுத்து தலைவாசல் எந்தத் திசை என்று பார்க்கின்றன. வட்டி விகிதத்தைத் தினமும் பார்க்கின்றன. வீடு எந்த டவுன்ஷிப்பில், அதாவது எந்த உள்ளாட்சி அமைப்பின் எல்லையில், இருக்கிறது என்ற கேள்வி சொத்து வரிக் கணக்கோடு முடிந்துவிடுகிறது. குடிபோன இரண்டாம் ஆண்டில், பின்பக்கக் காலி நிலத்தில் 80 வீடுகளுக்கான வரைபடம் வந்திருக்கிறது என்றோ, செப்டிக் டேங்கை மூடிவிட்டு 60 நாளில் பாதாளச் சாக்கடையில் இணையுங்கள் என்றோ கடிதம் வரும்போதுதான் டவுன்ஷிப் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வருகிறது.

கடிதம் வரும் நேரத்தில் முடிவு பெரும்பாலும் எடுக்கப்பட்டிருக்கும். ரகசியமாக அல்ல, செய்தித்தாளில் அறிவித்து, கூட்டம் போட்டு, பொதுமக்கள் கருத்தைக் கேட்டுவிட்டே எடுத்திருப்பார்கள். கேட்ட நாளில் நாம் அங்கே இல்லை, அவ்வளவுதான். எந்த முடிவை யார் எடுக்கிறார்கள், அவர்களிடம் பேசுவதற்கான நேரம் எது என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லவே இந்தக் கட்டுரை. இங்கே சொல்லும் விதிகள் பென்சில்வேனியாவுக்கு உரியவை. ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சி போனால் பெயர்களும் காலக்கெடுக்களும் மாறும்.

முதல் படி: உங்கள் டவுன்ஷிப் எது?

தபால் முகவரியை நம்பாதீர்கள். ‘கிங் ஆஃப் பிரஷ்யா’ என்று ஓர் ஊராட்சி அமைப்பே கிடையாது. அது அப்பர் மெரியான் டவுன்ஷிப்புக்குள் இருக்கிறது. நம் மக்கள் நிறையப் பேர் வசிக்கும் எக்ஸ்டனின் பெரும்பகுதி வெஸ்ட் வைட்லேண்ட் டவுன்ஷிப். வெஸ்ட் செஸ்டர் என்ற தபால் பெயரின் கீழ் ‘பரோ’ எனப்படும் ஒரு சிறுநகர உள்ளாட்சியும் அதைச் சுற்றிப் பல டவுன்ஷிப்புகளும் வருகின்றன. ஒரே அஞ்சல் குறியீட்டில், சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டமும் அந்தப் பக்கம் வேறொரு சட்டமும் இருக்கலாம். மாவட்டத்தின், அதாவது கவுண்டியின், சொத்துப் பதிவு இணையதளத்தில் முகவரியைத் தேடினால் நகராட்சி அமைப்பின் பெயர் கிடைக்கும். அதுதான் சரியான பெயர்.

இந்த மாநிலத்தில் சுமார் 2,560 உள்ளாட்சி அமைப்புகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கும் மேல் டவுன்ஷிப்புகள். அவற்றிலும் மிகப் பெரும்பான்மை ‘இரண்டாம் வகுப்பு’ டவுன்ஷிப்புகள். வகுப்பு என்பது தரத்தைக் குறிப்பதல்ல, எந்தச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது என்பதைக் குறிப்பது. இரண்டாம் வகுப்பு டவுன்ஷிப்பை ஆள்வது மூன்று அல்லது ஐந்து சூப்பர்வைசர்கள் கொண்ட குழு. ஆறு ஆண்டுப் பதவி. ஒற்றைப்படை ஆண்டுகளில் தேர்தல். அதிபர் தேர்தலுக்கு ஆண்டுக்கணக்கில் விவாதிக்கிறவர்கள் இந்தத் தேர்தல் நாளில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். உங்கள் கொல்லையில் தண்ணீர் தேங்குமா என்பதைத் தீர்மானிக்கிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று அல்லது ஐந்து பேர்தான்.

சூப்பர்வைசர்களைத் தவிர வேறு சிலரையும் அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஸோனிங் (நிலப் பயன்பாட்டு விதி) அதிகாரி சட்டப் புத்தகத்தை எழுத்துப்படி பின்பற்றுகிறவர். இரக்கப்பட்டு விதியைத் தளர்த்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. திட்டக் குழு ஆலோசனை சொல்லும், முடிவு எடுக்காது. ஸோனிங் விசாரணை வாரியம் ஒரு சிறிய நீதிமன்றம் போலச் செயல்படும். செப்டிக் டேங்க் விஷயங்களுக்குக் கழிவுநீர் அமலாக்க அதிகாரி என்று தனியாக ஒருவர் உண்டு. பாதாளச் சாக்கடையை டவுன்ஷிப்பே நடத்தலாம், தனி ஆணையம் நடத்தலாம், தனியார் நிறுவனமும் நடத்தலாம். மாதாமாதம் அல்லது காலாண்டுக்கு ஒருமுறை வரும் கழிவுநீர் பில்லில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: கையெழுத்துப் போடுவதற்கு முன் ஸோனிங் வரைபடம்

1968-இல் வந்த நகராட்சித் திட்டமிடல் சட்டம்தான் பென்சில்வேனியாவில் ஸோனிங்குக்கு அடிப்படை. அதன் கீழ் ஒவ்வொரு டவுன்ஷிப்பும் தன் நிலத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன கட்டலாம், எல்லையிலிருந்து எத்தனை அடி விட வேண்டும், மனையில் எத்தனை சதவீதத்தைக் கூரையும் கான்கிரீட்டும் மூடலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. பெரும்பாலான டவுன்ஷிப்புகளின் வரைபடமும் சட்டமும் இணையத்திலேயே கிடைக்கின்றன. உங்கள் மனைக்குரிய மண்டலக் குறியீட்டைக் கண்டுபிடித்து, அந்த ஒரு பகுதியை மட்டும் படித்தால் போதும். நான்கைந்து பக்கங்கள்தான்.

படிக்கும்போது ஒரு பயன்பாடு எந்த வழியில் அனுமதிக்கப்படுகிறது என்று கவனியுங்கள். சில பயன்பாடுகள் உரிமையாகவே அனுமதிக்கப்பட்டிருக்கும். விண்ணப்பித்தால் அதிகாரி கொடுத்தே ஆக வேண்டும். சில ‘ஸ்பெஷல் எக்ஸெப்ஷன்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும். அதை விசாரணை வாரியம் தரும். சில ‘கண்டிஷனல் யூஸ்’. அதை சூப்பர்வைசர்கள் நிபந்தனைகளோடு தருவார்கள். இவை எதிலும் அடங்காததற்கு, அல்லது தூர அளவு குறைவதற்குக் கேட்பது ‘வேரியன்ஸ்’ என்ற விதிவிலக்கு. கடைசியாகச் சொன்னது கடினம். மனையின் வடிவமோ சரிவோ அலாதியானதாக இருந்து, அதனால் விதிப்படி கட்டவே முடியவில்லை, அந்தச் சிக்கலை நீங்களாக உண்டாக்கவில்லை, அக்கம்பக்கத்தின் தன்மை கெடாது, கேட்பது மிகக் குறைந்த அளவுதான் என்று நிரூபிக்க வேண்டும். ‘எங்களுக்கு இன்னும் பெரிய டெக் வேண்டும்’ என்பது காரணம் ஆகாது.

நம் வீடுகளில் அடிக்கடி எழும் சில கேள்விகளைப் பார்ப்போம்.

பேஸ்மெண்டில் பரதநாட்டிய வகுப்பு நடத்தலாமா? மாநிலச் சட்டமே ‘பாதிப்பில்லாத வீட்டுத் தொழில்’ என்று ஒன்றை எல்லாக் குடியிருப்பு மண்டலங்களிலும் உரிமையாக அனுமதிக்கிறது. ஆனால் அதன் நிபந்தனைகளில் முக்கியமானது, வழக்கமான குடும்பத்துக்கு வருவதைவிட அதிகமாக வாடிக்கையாளர் வரத்து இருக்கக் கூடாது என்பது. வீட்டில் வசிக்கும் குடும்பத்தாரைத் தவிர வேலையாள் கூடாது, பெயர்ப்பலகை கூடாது, வீட்டின் பரப்பில் 25 சதவீதத்துக்கு மேல் அதற்குப் பயன்படுத்தக் கூடாது. இணையவழியில் கர்நாடக சங்கீதம் கற்பிக்கிறவருக்குச் சிக்கல் இல்லை. சனிக்கிழமை காலை பதினைந்து குழந்தைகளையும் அவர்களை இறக்கிவிடும் பதினைந்து கார்களையும் வரவழைக்கிறவர் இந்த வரையறைக்குள் அடங்கமாட்டார். அவர் தன் டவுன்ஷிப்பின் வீட்டுத் தொழில் விதியைப் பார்த்து, தேவையானால் விசாரணை வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். புகார் வந்தபின் விண்ணப்பிப்பதைவிட முன்பே விண்ணப்பிப்பது மரியாதையாகவும் இருக்கும், அண்டை வீட்டாரின் கோபமும் குறைவாக இருக்கும்.

அம்மா அப்பா வந்து தங்குவதற்குப் பேஸ்மெண்டில் தனிச் சமையலறை? படுக்கையறையும் குளியலறையும் போடுவதற்குப் பொதுவாகக் கட்டட அனுமதி போதும். இரண்டாவது அடுப்பு வந்தவுடன் பல டவுன்ஷிப்புகள் அதை இரண்டாவது குடியிருப்பாகக் கருதத் தொடங்கும். ஒரு குடும்ப மண்டலத்தில் இரண்டாவது குடியிருப்புக்குத் தனி விதி உண்டு. அதோடு நிற்காமல், கழிவுநீர் ஆணையம் அதை இன்னொரு வீடாகக் கணக்கிட்டு இன்னொரு இணைப்புக் கட்டணம் கேட்கவும் கூடும். அடுப்பு வாங்கும் முன் ஸோனிங் அதிகாரியிடமும் கழிவுநீர் அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கொல்லையில் சாமான் போட ஒரு ஷெட்? தனி வீட்டைச் சேர்ந்த, 1,000 சதுர அடிக்குக் குறைவான தனி ஷெட்டுக்கு மாநிலக் கட்டட விதியின்படி கட்டட அனுமதி தேவையில்லை. விற்பனையாளர் இதைச் சொல்லி ஷெட்டை லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். அவர் சொல்லாதது, ஸோனிங் அனுமதி தனியாக வேண்டும் என்பது. எல்லையிலிருந்து விட வேண்டிய தூரமும் மூடுபரப்புக் கணக்கும் ஷெட்டுக்கும் பொருந்தும். வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால் அதன் அனுமதி இன்னொரு தனிக் கணக்கு. சங்கம் சரி என்றதால் டவுன்ஷிப் சரி என்று ஆகாது, மறுதலையும் அப்படித்தான்.

வீட்டில் மாதம் ஒருமுறை பஜனை, சத்சங்கம் நடத்துவதை யாரும் தடுக்கப் போவதில்லை. வீட்டையே நிரந்தர வழிபாட்டு இடமாக மாற்றினால் அது வேறு பயன்பாடு. அதே சமயம், வழிபாட்டுத் தலங்களை நில விதிகளைக் காட்டிப் பாரபட்சமாக நடத்தக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு முதல் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. பக்ஸ் கவுண்டியின் பென்சலம் டவுன்ஷிப்பில் ஒரு மசூதிக்கு விதிவிலக்கு மறுக்கப்பட்டபோது, 2016-இல் அமெரிக்க நீதி அமைச்சகமே அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தது. அடுத்த ஆண்டு சமரசம் ஆயிற்று. கோயில் கட்டத் திட்டமிடும் குழுக்கள் அந்த வழக்கைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மூன்றாம் படி: பக்கத்துக் காலி நிலத்தின் கதை

வீடு காட்டும் முகவர் பின்புற மரங்களைக் காட்டி ‘இங்கே எதுவும் வராது’ என்பார். அவர் வாய்மொழிக்கு மதிப்பில்லை. அந்த நிலம் பூங்காவாகவோ, கட்டடம் எழுப்பக் கூடாது என்று பாதுகாப்பு உடன்படிக்கை பதிவான நிலமாகவோ இருந்தால் மட்டுமே வராது. இல்லாவிட்டால் மண்டலக் குறியீட்டைப் பாருங்கள். திட்டக் குழுவின் கடந்த ஓராண்டு நடவடிக்கைக் குறிப்புகளில் அந்தச் சாலையின் பெயரைத் தேடுங்கள். மூன்றாவதாக, பலரும் பார்க்காத ஒன்றைப் பாருங்கள்: டவுன்ஷிப்பின் கழிவுநீர்த் திட்டம்.

1966-இல் வந்த கழிவுநீர் வசதிச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியும் அதிகாரபூர்வமான கழிவுநீர்த் திட்டம் ஒன்றை வைத்திருக்க வேண்டும். அலுவலகத்தில் ‘ஆக்ட் 537 பிளான்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். எந்தப் பகுதிக்கு எந்த ஆண்டுகளில் குழாய் போகும், எந்தப் பகுதி செப்டிக்கிலேயே இருக்கும் என்று அதில் வரைபடத்தோடு இருக்கும். குழாய் இல்லாத இடத்தில் செப்டிக்குக்கு மண் வேண்டும், மண்ணுக்குப் பெரிய மனை வேண்டும். வீடுகள் தள்ளித் தள்ளித்தான் வரும். குழாய் வந்துவிட்டால் கால் ஏக்கரில்கூட வீடு கட்டலாம். என்னைக் கேட்டால், ஒரு பகுதி பத்தாண்டுகளில் எப்படி மாறும் என்பதை ஸோனிங் வரைபடத்தைவிடக் கழிவுநீர் வரைபடமே முன்கூட்டிச் சொல்லும்.

இரண்டுக்கும் உள்ள உறவு பழையது. செஸ்டர் கவுண்டியின் ஈஸ்ட்டவுன் டவுன்ஷிப் ஒரு வீட்டுக்குக் குறைந்தது நான்கு ஏக்கர் மனை வேண்டும் என்று விதி போட்டது. கழிவுநீர் நிலத்தில் சரியாக வடிய அவ்வளவு இடம் தேவை என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. 1965-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளுபடி செய்தது. கழிவுநீர்ப் பிரச்சினையைத் தீர்க்க வேறு வழிகள் உண்டு, புதியவர்கள் வராமல் கதவை அடைப்பதற்கு ஸோனிங்கைப் பயன்படுத்த முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பென்சில்வேனியாவில் இன்றும் ஒரு டவுன்ஷிப் சட்டபூர்வமான எந்தப் பயன்பாட்டையும் முழுவதுமாக விலக்கிவைக்க முடியாது. எல்லாவற்றுக்கும் எங்காவது இடம் கொடுக்க வேண்டும்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று தெரிகிறது. விதிகளுக்கு உட்பட்டு ஒருவர் 80 வீடுகளுக்கு வரைபடம் கொடுத்தால், கூட்டத்தில் இருநூறு பேர் எழுந்து நின்று ‘வேண்டாம்’ என்றாலும் சூப்பர்வைசர்கள் மறுக்க முடியாது. மறுத்தால் நீதிமன்றத்தில் தோற்பார்கள். அந்தச் செலவும் நம் வரிப்பணம். கூட்டத்தில் எதிர்ப்பு முழக்கத்தைவிடக் குறிப்பான கேள்வி அதிகம் சாதிக்கும்: மழைநீர்த் தேக்கம் எந்தப் பக்கம் வடியும், கட்டுமான லாரிகள் எந்தத் தெருவில் வரும், எல்லையில் மரவரிசை உண்டா, தேக்கத்தைப் பிற்காலத்தில் பராமரிப்பது யார்? இவற்றை நிபந்தனைகளாக எழுதிவைக்க டவுன்ஷிப்பால் முடியும்.

நான்காம் படி: கழிவுநீர் எங்கே போகிறது?

விற்பவர் தர வேண்டிய வெளிப்படுத்தல் படிவத்தில் பொதுக் குழாயா, மனையிலேயே உள்ள அமைப்பா என்று இருக்கும். சென்னைப் புறநகரில் செப்டிக் டேங்க் பார்த்துப் பழகியவர்கள் இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே டேங்க் பாதிதான். மறுபாதி, கழிவுநீர் மண்ணில் இறங்கும் நிலப்பகுதி. மண் நீரை எவ்வளவு வேகமாக உள்வாங்குகிறது என்று சோதித்த பிறகே அனுமதி. மண் ஒத்துவராத இடங்களில் முற்றத்தில் மணல்மேடு எழுப்பி அதற்குள் குழாய்களைப் பதித்திருப்பார்கள். அந்தப் பசும்புல் மேட்டை அழகுக்குப் போட்டது என்று நினைத்து மேலே கார் நிறுத்தவோ, முருங்கைக்கன்று நட்டுப் பார்க்கவோ கூடாது.

செப்டிக் வீடானால் தனிப் பரிசோதனைக்குப் பணம் செலவழியுங்கள். வீட்டுப் பொதுப் பரிசோதகர் பார்ப்பது போதாது. டவுன்ஷிப்பில் அந்த மனைக்கான பழைய அனுமதிக் கோப்பைக் கேளுங்கள். எத்தனை படுக்கையறைகளுக்கு அனுமதி தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று அறைக்கு அனுமதித்த அமைப்பின்மேல் ஐந்து அறை வீடு நின்றால், பழுது வரும் நாளில் கேள்வி உங்களிடம்தான் வரும். பராமரிப்புத் திட்டம் உள்ள டவுன்ஷிப்புகளில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை டேங்கைக் காலி செய்து ரசீதைக் காட்ட வேண்டும்.

உங்கள் தெருவுக்குப் பொதுக் குழாய் வருகிறது என்றால் நிலைமை மாறுகிறது. இரண்டாம் வகுப்பு டவுன்ஷிப் சட்டப்படி, குழாயை ஒட்டிய மனை அல்லது குழாயிலிருந்து 150 அடிக்குள் முதன்மைக் கட்டடம் இருக்கும் மனை இணைந்தே ஆக வேண்டும் என்று டவுன்ஷிப் கட்டாயப்படுத்தலாம். அறிவிப்பு வந்து 60 நாள் கடந்தும் இணையாவிட்டால் டவுன்ஷிப்பே வேலையைச் செய்து செலவை உங்களிடம் வசூலிக்கலாம். தராவிட்டால் சொத்தின் மேல் கடனாக ஏறும். ‘என் டேங்க் நன்றாகத்தானே இருக்கிறது, போன வருடம்தான் மாற்றினேன்’ என்பது பொதுவாக எடுபடாத வாதம்.

செலவு பல துண்டுகளாக வரும். கழிவுநீர் அமைப்பின் கொள்ளளவில் உங்கள் பங்குக்கான கட்டணம் ஒன்று. இதை ‘டாப்பிங் ஃபீ’ என்பார்கள். அதைக் கணக்கிடும் முறையை மாநிலச் சட்டம் வரையறுத்திருக்கிறது; கணக்குத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். வீட்டிலிருந்து தெருக்குழாய் வரையான உங்கள் சொந்தக் குழாய் இன்னொன்று. நீளம், பாறை, மரம் எல்லாம் அதன் விலையை ஏற்றும். வீடு தெருவைவிடத் தாழ்வாக இருந்தால் கழிவை அரைத்து மேலேற்றும் பம்பு வேண்டும். அதன் மின்செலவும் பழுதும் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கேட்டுவையுங்கள். பழைய டேங்கைக் காலி செய்து நிரப்புவது கடைசித் துண்டு. சில ஆணையங்கள் தவணைமுறை தருகின்றன, கேட்பவர்களுக்குத்தான் சொல்வார்கள்.

இதைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் எது? ஒப்பந்தப்புள்ளி திறந்த பிறகு அல்ல. கழிவுநீர்த் திட்டத்தைத் திருத்தும்போது டவுன்ஷிப் செய்தித்தாளில் அறிவித்து 30 நாள் கருத்துக் கேட்கும். அதன்பிறகே திட்டம் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்குப் போகும். அந்த 30 நாளில் எழுத்தில் வந்த கருத்துகளுக்குப் பதில் எழுதவேண்டிய கடமை டவுன்ஷிப்புக்கு உண்டு. எந்தத் தெருக்களைச் சேர்ப்பது, புவியீர்ப்புக் குழாயா பம்புக் குழாயா, கட்டணத்தை எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் மாறக்கூடிய கட்டம் அது ஒன்றுதான்.

கழிவுநீர் அமைப்பையே தனியாருக்கு விற்பது இந்த மாநிலத்தின் இன்னொரு சூடான விவகாரம். 2016-இல் வந்த ஒரு சட்டம், உள்ளாட்சிகள் தங்கள் குழாய் அமைப்பைச் சந்தை மதிப்பில் நிறுவனங்களுக்கு விற்க வழி திறந்தது. டவுன்ஷிப்புக்கு ஒரே நாளில் கோடிக்கணக்கான டாலர் கிடைக்கும். நிறுவனம் போட்ட பணம் பிறகு பில் வழியாகத் திரும்ப எடுக்கப்படும். மான்ட்கோமரி கவுண்டியின் டவாமென்சின் டவுன்ஷிப் 2022-இல் 11.5 கோடி டாலருக்கு விற்கத் தீர்மானித்தது. மக்கள் கையெழுத்து இயக்கம் நடத்தி, டவுன்ஷிப்புக்குத் தனிச் சாசனம் எழுதும் வழியைப் பிடித்து, விற்பனைக்குத் தடை போடும் அந்தச் சாசனத்தை 2023 மே மாத வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். பக்ஸ் கவுண்டியில் சுமார் 110 கோடி டாலர் பேசப்பட்ட இன்னொரு விற்பனை 2022-இல் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. நீங்கள் வாங்கும் இடத்தில் இப்படி ஒரு பேச்சு நடக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். விற்றே தீர வேண்டும் என்றோ விற்கவே கூடாது என்றோ நான் சொல்லமாட்டேன். ஆனால் கிடைக்கும் தொகையை மட்டும் சொல்லிவிட்டுப் பத்தாண்டுக் கட்டண மதிப்பீட்டைச் சொல்லாத சூப்பர்வைசரை நம்பமாட்டேன்.

ஒரு சின்ன விஷயம்: தாளித்த எண்ணெய், நெய் மிச்சம், வடை சுட்ட எண்ணெய் எதையும் சிங்க்கில் ஊற்றாதீர்கள். உங்கள் வீட்டுக்கும் தெருக்குழாய்க்கும் இடைப்பட்ட குழாய் பொதுவாக உங்கள் பொறுப்பு. அது அடைத்தால் டவுன்ஷிப் வராது.

ஐந்தாம் படி: மழைநீர்

கழிவுநீர்க் குழாயும் மழைநீர்க் குழாயும் இங்கே வேறு வேறு. பேஸ்மெண்டில் ஊறும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்பைக் கழிவுநீர்க் குழாயில் இணைத்திருப்பது பல பழைய வீடுகளில் காணும் தவறு. பெருமழையில் அந்த நீர் சேர்ந்து சுத்திகரிப்பு நிலையத்தையே திணறடிக்கும் என்பதால் டவுன்ஷிப்புகள் அதைத் தடைசெய்திருக்கின்றன. வீடு கைமாறும்போது ஆய்வு செய்கிறவையும் உண்டு. வாங்கும் முன்பே அந்தக் குழாய் எங்கே போகிறது என்று கண்ணால் பாருங்கள்.

அடுத்து, மனையின் பதிவு செய்யப்பட்ட வரைபடத்தில் வடிகால் ஈஸ்மெண்ட் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். அது உங்கள் நிலம்தான், வரியும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். ஆனால் தண்ணீர் போகும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. அதன் குறுக்கே வேலி, ஷெட், காய்கறிப் பாத்தி எதுவும் கூடாது. கொல்லையில் புல் மூடிய பள்ளம் தெரிந்தால் ‘மண் கொட்டி மேவிவிடலாம்’ என்று நினைக்காதீர்கள். அது ஓர் ஏரிவாய்க்காலின் வேலையைச் செய்துகொண்டிருக்கலாம்.

கல் பாவிய உட்காரும் தளமோ (பேட்டியோ), டிரைவ்வே விரிவாக்கமோ போடும்போது மூடுபரப்புக் கணக்கு குறுக்கே வரும். மழை உள்ளிறங்காத எந்தப் பரப்பும் இதில் சேரும். சில டவுன்ஷிப்புகள் ஜல்லியைக்கூடச் சேர்க்கும். வரம்பைத் தாண்டினால் விதிவிலக்கு கேட்க வேண்டும், அல்லது நிலத்தடியில் நீர் உறிஞ்சும் குழி அமைக்க வேண்டும். முந்தைய உரிமையாளரே வரம்பு முழுவதையும் தீர்த்துவிட்டுப் போயிருக்கலாம், ஆகவே மிச்சம் எவ்வளவு என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

மேட்டு வீட்டின் தண்ணீர் உங்கள் பக்கம் வருகிறது என்றால் முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். இயற்கைச் சரிவில் இயல்பாக வருவதை இங்குள்ள சட்டம் பொதுவாகத் தடுக்காது. அவர் குழாய் போட்டோ மண் கொட்டியோ ஓட்டத்தைத் திருப்பி உங்கள் மேல் பாய்ச்சினால், அல்லது அளவை நியாயமின்றிக் கூட்டினால் அது வேறு. மழை பெய்யும்போதே தேதியோடு படம் எடுங்கள், டவுன்ஷிப் பொறியாளருக்கு எழுதுங்கள். அனுமதியை மீறிய வேலை என்றால் டவுன்ஷிப் தலையிடும். இரு தனியாருக்கு இடையிலான தகராறு என்றால் கைகழுவிவிடும், பிறகு வழக்கறிஞர்தான்.

2021 செப்டம்பர் 1 அன்று ஐடா புயலின் மிச்சம் இந்தப் பகுதியைத் தாக்கியபோது பிராண்டிவைன் ஓடை சாட்ஸ் ஃபோர்டில் அதுவரை பதிவாகாத உயரத்தை எட்டியது. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குப் பணம் தராது. தேசிய வெள்ளக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். வீட்டுக்கடன் முடிக்கும்போது எடுப்பது போன்ற விலக்குகள் தவிர, அது நடைமுறைக்கு வர 30 நாள் ஆகும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு எடுத்துப் பயனில்லை.

ஆறாம் படி: கூட்டத்துக்குப் போவது

சூப்பர்வைசர்கள் மாதம் ஒருமுறையாவது கூடுவார்கள், பெரும்பாலும் மாலையில். நிகழ்ச்சி நிரலை 24 மணி நேரத்துக்கு முன் இணையதளத்தில் இட வேண்டும் என்பது 2021 முதல் சட்டம். அதில் உங்கள் சாலையின் பெயர், அருகில் உள்ள பெரிய நிலத்தின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

‘நாங்கள் குடிமக்கள் இல்லையே, விசாவில் இருக்கிறோமே, பேசலாமா?’ என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாகப் பேசலாம். பொதுக்கூட்டச் சட்டம் கருத்துச் சொல்லும் உரிமையை அங்கே வசிப்பவர்களுக்கும் வரி கட்டுபவர்களுக்கும் தருகிறது. வாக்குரிமை வேறு, இது வேறு. பெயரையும் முகவரியையும் சொல்லி, கொடுத்த சில நிமிடங்களில் ஒரே விஷயத்தைச் சொல்லுங்கள். உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். எழுதி எடுத்துப்போய் வாசித்து, ஒரு பிரதியைச் செயலரிடம் கொடுத்தால் அது கோப்பில் சேரும்.

விசாரணை வாரியக் கூட்டம் இப்படி அல்ல. அங்கே சத்தியப் பிரமாணம் உண்டு, சுருக்கெழுத்தர் உண்டு, குறுக்கு விசாரணை உண்டு. விசாரணைக்கு ஒரு வாரம் முன்பாவது அந்த மனையில் அறிவிப்புப் பலகை நடப்பட்டிருக்கும். செய்தித்தாளில் இரண்டு வாரம் அறிவிப்பு வந்திருக்கும். போய் உட்கார்ந்து கருத்துச் சொல்வது மட்டும் போதாது. அண்டை வீட்டுக்காரர் என்ற முறையில் ‘பார்ட்டி’யாக, அதாவது வழக்கின் ஒரு தரப்பாக, பதிவு செய்யுங்கள், வாசலிலேயே படிவம் வைத்திருப்பார்கள், இல்லாவிட்டால் வாரியத் தலைவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அப்படித் தரப்பாகப் பதிவானவர்தான் சாட்சியைக் கேள்வி கேட்கலாம். மேல்முறையீடு செய்யும் உரிமையும் இதைப் பொறுத்தே அமையும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

காகிதங்கள் வேண்டுமானால் தகவல் அறியும் சட்டப்படி படிவம் கொடுங்கள். ஐந்து வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். அவர்கள் இன்னும் 30 நாள் கேட்டுக் கடிதம் அனுப்பலாம். மறுத்தால் 15 வேலை நாட்களுக்குள் ஹாரிஸ்பர்க்கில் உள்ள திறந்த ஆவண அலுவலகத்தில் முறையிடலாம். ஆனால் முதலில் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள். படிவம் இல்லாமலேயே கோப்பை மேசைமேல் வைத்துவிடுகிற நல்ல செயலர்கள் நிறையவே இருக்கிறார்கள்.

காலக்கெடுவில் மட்டும் அசட்டை வேண்டாம். ஸோனிங் அதிகாரி மறுத்தால் விசாரணை வாரியத்துக்கு 30 நாள். வாரியமோ சூப்பர்வைசர்களோ எழுத்தில் முடிவு சொன்னபின் கவுண்டி நீதிமன்றத்துக்கு 30 நாள். முடிவு தபாலில் வந்தால், உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, அவர்கள் அனுப்பிய நாளிலிருந்து எண்ண வேண்டும். ஊருக்குப் போயிருந்தோம், கடிதத்தைப் பார்க்கவில்லை என்பதற்கெல்லாம் நீதிமன்றம் மனம் இளகுவது அரிது. விடுமுறைக்குக் கிளம்பும்போது தபாலை எடுத்துப் பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். டவுன்ஷிப் முத்திரையிட்ட உறையானால் பிரித்துப் படமெடுத்து அன்றே அனுப்பச் சொல்லுங்கள், உறையையும் சேர்த்து.